சூப்பர் ஹீரோவுக்கு என்ன கலர்?



நம்ம தம்பி, தங்கைகளுக்கு கலர் அடிக்க சூப்பர் ஹீரோ படம் கொடுத்தால் போதும், சாப்பாட்டையே மறந்துவிடுவார்கள். ஸ்பைடர்மேன், ஹல்க், பேட்மேன், சூப்பர்மேன் என்று எந்தப் படத்தையும் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளை சனிக்கிழமை மாலையில் உட்கார வைத்து நானும் என் தோழியும் கலரிங்கும் கைவேலையும் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்காகத் தேடிப் படித்ததையும், செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு உபயோகப்படும்.

குழந்தைகள் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அக்கா, இதுக்கு என்ன கலர்?" ஹல்க்குக்குப் பச்சை, சூப்பர்மேனுக்கு நீலமும் சிவப்பும். மாத்தி அடித்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளை "தப்பு, தப்பு" என்று கத்தும். சில பேர் அழுதே விடுவார்கள். ஆனால் அந்த "சரியான கலர்" எப்படி வந்தது தெரியுமா? பாதி அச்சகத்தால் வந்தது!

வீட்டில் இருக்கும் ஒரு பட்டாசுப் பெட்டியையோ, பேப்பரில் வந்த கலர் படத்தையோ லென்ஸ் வைத்துப் பாருங்கள். முழுக்க முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் தெரியும். அந்தப் புள்ளிகள் நான்கே மையால் ஆனவை. வான நீலம், மெஜந்தா என்கிற ஒரு ரோஸ், மஞ்சள், கறுப்பு. மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. மஞ்சளும் மெஜந்தாவும் கலந்தால் சிவப்பு. நியூஸ் பேப்பரின் ஓரத்தில் நான்கு சின்ன வட்டமோ கட்டமோ வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த நான்கு மைகள்தான். ஒரே தாளில் நான்கு தடவை அச்சு விழும்போது கொஞ்சம் நகர்ந்துவிட்டால், சினிமா நடிகரின் உதடு கன்னத்துக்கு வந்துவிடும். பார்த்துச் சிரித்திருக்கிறோம் இல்லையா? காமிக்ஸ் படங்களைச் சுற்றித் தடியாகக் கறுப்புக் கோடு போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கலர் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு அதை மறைத்துவிடும். நாம் கலர் அடிக்கும் படத்தில் மிச்சம் இருப்பது அந்தக் கறுப்புக் கோடு மட்டும்தான்.

சூப்பர்மேன் 1938-ல் அமெரிக்காவில் வந்தார். அந்தக் காலத்து காமிக்ஸ் மலிவான தாளில் அச்சடித்தது. அதில் பளிச்சென்று விழுவது சிவப்பு, நீலம், மஞ்சள். நிறைய ஹீரோக்களின் உடுப்பு இந்த மூன்றிலேயே சுற்றிச் சுற்றி வருவதைக் கவனியுங்கள்.

ஹல்க் கதை இன்னும் வேடிக்கை. 1962-ல் வந்த முதல் புத்தகத்தில் ஹல்க் பச்சையே இல்லை, சாம்பல் நிறம்! ஆனால் அச்சில் சாம்பல் ஒரே மாதிரி விழவில்லை. ஒரு பக்கத்தில் வெளுப்பு, ஒரு பக்கத்தில் கறுப்பு. சரி, தொல்லை வேண்டாம் என்று இரண்டாவது புத்தகத்திலிருந்து பச்சையாக்கிவிட்டார்கள். அதேபோல, நம்ம ஊரில் ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்ற பெயரில் வந்த முகமூடி வீரர் வெளிநாட்டில் 'ஃபேன்டம்'. 1936-ல் கறுப்பு வெள்ளையில் வந்தபோது, எழுதியவர் லீ ஃபாக் அவரைச் சாம்பல் நிறமாகத்தான் மனசில் வைத்திருந்தார். 1939-ல் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கலரில் வந்தபோது கத்தரிப்பூ நிறமாகிவிட்டார். இத்தாலியில் அவரே சிவப்பு. சுவீடன் பக்கம் நீலம். ஒரே ஆளுக்கு ஊருக்கு ஒரு சட்டை! எந்த ஊர்க் குழந்தையும் "தப்பு" என்று சொல்லவில்லை. நம் தெருப் பிள்ளை ஹல்க்குக்கு ஆரஞ்சு அடித்தால் மட்டும் ஏன் பிடுங்க வேண்டும்?

சட்டைக்குச் சரி. முகத்துக்கு?

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. கிரேயான் டப்பாவில் வெளிர் ரோஸும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு குச்சி இருக்கும். அதை எல்லாரும் 'ஸ்கின் கலர்' என்றுதான் சொல்கிறோம். "ஸ்கின் கலர் குடுடா" என்று அதற்குத்தான் அடிதடியே. ஒருநாள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கச்சி அந்தக் குச்சியால் ஹீரோவின் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைவிடக் கறுப்பு. அந்தக் குச்சியை அவள் கை மேல் வைத்து, "இது உன் ஸ்கின் மாதிரியா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, அது படத்துக்கு வர்ற ஸ்கின். இது என்னுது" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 'கிரயோலா' என்ற பெரிய கிரேயான் கம்பெனி இருக்கிறது. அவர்களும் இந்த வெளிர் நிறக் குச்சிக்கு 'சதை' என்று அர்த்தம் வரும் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். எல்லாருடைய சதையும் அந்த நிறமா என்று பேச்சு வந்த காலத்தில், 1962-ல் பெயரை 'பீச்' என்று பழத்தின் பெயராக மாற்றிவிட்டார்கள். 2020-ல் உலகத்தில் இருக்கும் மனிதர்களின் தோல் நிறங்கள் என்று 24 குச்சிகள் கொண்ட டப்பாவே போட்டார்கள். அந்த டப்பா நமக்கு வேண்டாம், பன்னிரண்டு குச்சி உள்ள சாதாரண டப்பா போதும். பிரவுனை அழுத்தாமல் லேசாகத் தேய்த்து, அதன் மேலே ஆரஞ்சைத் தேய்த்தால் நல்ல மாநிறம் வரும். இன்னும் கறுப்பு வேண்டும் என்றால் பிரவுனை இரண்டு தடவை தேய்த்து, நிழல் விழும் இடத்தில், அதாவது மூக்கு ஓரம், கழுத்துக்குக் கீழே, கருநீலம் கொஞ்சம் தேய்க்க வேண்டும். கறுப்புக் குச்சியைத் தேய்த்தால் அழுக்கு மாதிரி ஆகிவிடும், கருநீலம் என்றால் மினுமினுப்பாக இருக்கும். பிரவுன் குச்சி தீர்ந்துவிட்டால் ஆரஞ்சு மேல் நீலத்தை லேசாகத் தேய்த்தும் கொண்டுவரலாம். அந்தத் தங்கச்சியிடம் இதைச் செய்து காட்டினேன். அவள் இப்போது ஸ்பைடர்மேனுக்கு முகமூடியைக் கழற்றி விட்டுத்தான் கலர் அடிப்பேன் என்கிறாள்!

படம் தயார் செய்வது பற்றி ஜெராக்ஸ் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் சாம்பல் திட்டுத் திட்டாக விழும், கிரேயான் ஏறாது. வெறும் கோட்டுப் படமாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு என்றால் பெரிய பெரிய இடமாக உள்ள படம், நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு என்றால் வலை, செதில் எல்லாம் இருக்கும் படம். ஏ4 படத்தை ஏ3 ஆக்க 141 சதவீதம் என்று சொல்ல வேண்டும். பெரியதைச் சின்னதாக்க 71. கடைக்குப் போக முடியாதவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பஞ்சால் தடவினால் டிரேசிங் பேப்பர் மாதிரி ஆகிவிடும். காகிதத்தின் நார்களுக்கு நடுவில் இருக்கும் காற்றை எண்ணெய் நிரப்புவதால் வெளிச்சம் உள்ளே புகுந்து வரும். (வடை மடித்த பேப்பர் ஞாபகம் வருகிறதா?) இன்னொன்று, இந்த ஹீரோக்கள் எல்லாம் கம்பெனிகளுக்குச் சொந்தமான படங்கள். நாம் கலர் அடிக்க எடுத்துக்கொள்ளலாம், ஆனால் புத்தகமாகப் போட்டு விற்கக் கூடாது.

கலர் அடிக்க ஆளே இல்லாத ஒரு ஹீரோவும் இருக்கிறார். நம் தாத்தா, பெரியப்பாக்களிடம் 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது வந்த முதல் கதை அவருடையது. அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற பத்திரிகையில் வந்தவர். அதுவும் 1962-ல்தான்! ஹல்க், ஸ்பைடர்மேன், இரும்புக்கை மாயாவி, கிரேயான் பெயர் மாற்றம் எல்லாமே ஒரே வருஷம். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது, சொன்னேன்.

அவர் ஒரு ஆராய்ச்சிக்கூட விபத்தில் கையை இழந்தவர். அதற்குப் பதில் இரும்புக் கை வைத்திருப்பார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் காலத்துக் கதைகள் கறுப்பு வெள்ளைதான். அதனால் அவரை வைத்து ஒரு கலரிங் படம் வரைந்தேன். ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு மேசை, நடுவில் ஒரு கை. அவ்வளவுதான். பிள்ளைகள் "ஹீரோ எங்கக்கா?" என்று தேடினார்கள். கதையைச் சொன்னதும் ஒரே கூச்சல். ஆள் நிற்கும் இடத்தில் ஒரு பையன் மஞ்சள் கலரில் பூவாக அடித்து வைத்தான், அது அவர் போட்டிருக்கும் சென்ட் வாசனையாம். (இந்தக் கதையைச் சொல்லும்போது பிளக்கில் விரல் வைத்தால் மறைய மாட்டோம், செத்துத்தான் போவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் நம்பிவிடும்.)

அப்புறம் எல்லாருக்கும் இரும்புக் கை வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை செய்ததிலேயே ரொம்ப நல்லா வந்த கைவேலை இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அட்டை அல்லது பிஸ்கட் பெட்டி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கையை விரித்து வைத்துச் சுற்றி வரைந்து, கோட்டை விட்டுக் கொஞ்சம் பெரிதாக, மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளமும் விட்டு வெட்டுங்கள். நம் விரலில் எங்கெங்கே மடிகிறதோ அங்கே ரீஃபில் முனையால் கோடு கீறி மடியுங்கள். விரலுக்கு மூன்று மடிப்பு, கட்டை விரலுக்கு இரண்டு. அடுத்து சின்னக் குழாய்கள் வேண்டும். புத்தகத்தில் ஸ்டிரா என்று போட்டிருந்தது. பிளாஸ்டிக் ஸ்டிராவுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதனால் பப்பாளி இலைக் காம்பை வெட்டிப் பால் போகக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தினோம். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் இரண்டே நாளில் வாடிச் சுருங்கிவிட்டது. நோட்டுத் தாளை ரீஃபில் மேல் சுற்றி ஒட்டி எடுத்த குழாய்தான் நிலைத்து நிற்கிறது. மடிப்புக்கு மடிப்பு நடுவில் ஒவ்வொரு துண்டு ஒட்டுங்கள், மடிப்பின் மேல் ஒட்டக் கூடாது. பிறகு பூ கட்டும் நூலை விரல் நுனியில் முடிச்சுப் போட்டுக் குழாய்கள் வழியாக விட்டு மணிக்கட்டுப் பக்கம் வெளியே எடுங்கள். ஐந்து விரலுக்கு ஐந்து நூல். பரோட்டா பார்சல் கட்டும் சில்வர் பேப்பரை அட்டையின் பின்பக்கம் ஒட்டிவிட்டால் இரும்புக் கை ரெடி! நூலை இழுத்தால் விரல் மடங்கும்.

நம் நிஜக் கையும் இப்படித்தான். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே ஏதோ அசைவது தெரியும். விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நூல் மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. நம் பக்கத்துக் கார் கம்பெனிகளில் வெல்டிங் செய்யும் ரோபோ கைக்கு நூல் கிடையாது, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார்.

நாங்கள் இதைச் செய்துகொண்டிருந்தபோது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமா வந்து பார்த்தார். அவர் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே இரண்டு விரல் போய்விட்டது. எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது, இதை அவர் முன்னாடி செய்கிறோமே என்று. அவரோ சிரித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு வெரல்தான் போச்சு, அப்போ நான் பாதி மாயமா மறையலாமா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். பிறகு கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்ட வெரலையும் மத்ததோட வரிசையா வெச்சிருக்கீங்களே, இதால ஒரு டம்ளரக்கூடப் புடிக்க முடியாது" என்று சொல்லி, கட்டை விரலைத் தனியாக வெட்டி, உள்ளங்கையைப் பார்த்து நிற்கும்படி ஒட்டிக் கொடுத்தார். மூன்று விரலால்தான் செய்தார். அதற்கப்புறம் அந்தக் கை ஒரு பேப்பர் கப்பைத் தூக்கியது!

பிரஸ் எப்படி வேலை செய்கிறது என்றும் சொன்னார். கீழே ஒரு டை, மேலே ஒரு டை, நடுவில் தகடு. மேல் டை இறங்கினால் தகடு பாகமாகிவிடும். இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்க வேண்டும். ஏன் இரண்டு? இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, அதற்குத்தான். சில மெஷினில் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை இருக்கும், கை குறுக்கே போனால் நின்றுவிடும். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு பட்டன் கெட்டுப்போய் ரொம்ப நாளாக ஒரே பட்டனில் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் வீடுகளில் இருந்து எத்தனை பேர் இந்த வேலைக்குப் போகிறார்கள், பட்டன் ஏன் இரண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நான்காம் வகுப்புப் பையன் வீட்டுக்குப் போய் அவன் அப்பாவிடம், "உன் மெஷின்ல ரெண்டு பட்டனும் வேலை செய்யுதாப்பா?" என்று கேட்டிருக்கிறான்.

இன்னொரு கைவேலை, கேடயமும் நெஞ்சுச் சின்னமும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அட்டைப்பெட்டிக்கு என்ன பஞ்சம்? காயலான் கடையில் மலை மாதிரி கிடக்கும். அட்டையின் ஓரத்தைப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவில் அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அந்த நெளி ஓடும் திசையில் அட்டை எளிதில் மடியும், குறுக்கே மடியாது. இரண்டு அட்டையை நெளி ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு ஒட்டினால் எந்தப் பக்கமும் மடியாத கேடயம் கிடைக்கும். கெமிக்கல், பெயின்ட் வந்த பெட்டியை மட்டும் தொடாதீர்கள்.

பெட்டி மேல் படங்கள் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? குடை போட்டிருந்தால் நனையக் கூடாது. மேலே பார்க்கும் இரண்டு அம்பு என்றால் இந்தப் பக்கம் மேலே. கால் வைத்த கண்ணாடி டம்ளர் என்றால் உடையும் சாமான், பார்த்துத் தூக்கு. எந்த நாட்டில் யார் தூக்கினாலும் படிக்காமலே புரிய வேண்டும் என்பதற்காக உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கிறார்கள். பேட்மேன் நெஞ்சில் வௌவால் இருக்கிறதே, அதுவும் இதே வேலைதான் செய்கிறது. அதனால் பிள்ளைகளை, பெட்டியிலிருந்து ஒரு சின்னத்தை வெட்டி எடுத்து உங்கள் ஹீரோவைச் செய்யுங்கள் என்று விட்டோம். அம்பு எடுத்தவர்கள் எல்லாரும் பறக்கும் ஹீரோ. குடை எடுத்த பிள்ளை, 2015 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாமே, அதை நிறுத்தும் ஹீரோ என்றது. அப்போது அது பிறக்கவே இல்லை, வீட்டில் சொல்லிக் கேட்டது.

கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பையன் ஒருவனும் வருவான். அவனுக்குத் தமிழில் "அக்கா", "தண்ணி", "வா" மட்டும்தான் தெரியும். அதனால் எப்போதும் ஓரமாகவே உட்காருவான். அவன் டம்ளர் சின்னத்தை வெட்டி நெஞ்சில் ஒட்டிக்கொண்டான். உன் ஹீரோ என்ன செய்வான் என்று கையால் கேட்டோம். அவன் எழுந்து கைகளை விரித்து அப்படியே பின்னால் சாய்ந்தான். விழுந்துவிடுவானோ என்று நான்கு பிள்ளைகள் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்! அன்றைக்கு முழுக்க எல்லாரும் அதையேதான் விளையாடினார்கள், ஹீரோ சாய வேண்டும், மற்றவர்கள் பிடிக்க வேண்டும்.

போர்வை மாதிரித் தொங்கும் மேலங்கி பற்றி ஒரே ஒரு விஷயம். துப்பட்டாவையோ துண்டையோ கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கட்டாதீர்கள். கதவில், சைக்கிள் சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். பழைய செய்தித்தாளை ஒட்டிச் செய்து இரண்டு தோளிலும் கம் டேப்பால் ஒட்டிவிடுங்கள், இழுத்தால் கிழிந்து வந்துவிடும். நீளம் முழங்காலோடு போதும். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' பார்த்துவிட்டு, சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று குழந்தைகள் உயரத்திலிருந்து குதித்ததாக அப்போது செய்திகள் வந்தன. மொட்டை மாடியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இரும்புக் கை செய்ய அளவுத் தாள் ஒன்று வரைந்து ஒன்பதாம் வகுப்புக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன், கட்டை விரல் சரியான இடத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் மேலே எண்ணெய்த் தாளை வைத்து வரைந்துகொள்ளலாம், தாளைக் கிழித்துக்கொண்டு போக வேண்டாம். வீட்டில் நல்ல அட்டைப்பெட்டி இருந்தால் எங்களுக்குக் கொடுங்கள். அதில் இருக்கும் கம்பிப் பின்களைப் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகள் கையில் குத்தும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி